லாயத்துக்குப் போன என் வீட்டுச் சாமான்கள்

வெளிநாட்டிலிருந்து ஒரேயடியாகத் திரும்பி வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் கார் வாங்குவார்கள், மாடி கட்டுவார்கள், ஒன்றும் தோன்றாவிட்டால் தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு செல்போன் கடை வைப்பார்கள். என் வீட்டுக்காரர் குதிரை வாங்கினார்.

கார் நிறுத்தலாம் என்று வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டு வைத்திருந்தோம். கார் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் பெண் குதிரை வந்து நின்று கனைத்தது. பக்கத்து வீட்டு மாமி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஏட்டி, இது என்ன மைலேஜ் குடுக்கும்?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை.

அவர் அபுதாபியில் ஒரு பெரிய பணக்காரரின் லாயத்தில் வேலை பார்த்தவர். அங்கே குதிரைகளுக்கு ஏசி உண்டு, நீச்சல் குளம் உண்டு, நடக்க வைக்க ஒரு மிஷின், முதுகு தேய்க்க ஒரு மிஷின். நான் இங்கே கரண்டு போன வீட்டில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அவர் போனில் இதையெல்லாம் வர்ணிப்பார். ஒருநாள் தீவனக் கட்டைத் தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. சரியானால் வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வந்து இறங்கிய அன்றைக்கே சொல்லிவிட்டார்: "இனி போகமாட்டேன். எனக்குத் தெரிஞ்ச தொழில் குதிரைதான். இங்கனயே ஒண்ண வச்சுப் பொழைப்போம்."

அந்த 'போகமாட்டேன்' எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரோடு வாழ்ந்தது எல்லாம் லீவுதான். லீவில் வருகிற மனுசன் விருந்தாளி மாதிரி. கறி ஆக்கிப் போட்டு, நல்ல பாயை விரித்துப் போட்டு, அவருக்கு டீயில் சீனி எவ்வளவு என்று மறுபடியும் பழகி முடிக்கும்போது டிக்கெட் தேதி வந்துவிடும். மகளும் இப்போது திருநெல்வேலியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் நானும் சுவரும்தான். அதனால் குதிரையை வாயால்தான் திட்டினேன். அந்தக் குதிரைத் தொழில் நிலைக்கவேண்டும், அவர் இங்கேயே இருந்துவிடவேண்டும் என்று ஐந்து வேளையும் துஆ கேட்டேன்.

அவருடைய திட்டம் பெரிய திட்டம். சாரல் சீசனில் குற்றாலம். ஐந்தருவிக்குக் குளிக்க வருகிறவர்களின் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்று. சீசன் முடிந்தால் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை ஊர்வலம். இதில் குதிரைக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கஷ்டமெல்லாம் குதிரை வீட்டில் இருக்கும் நேரத்தில்தான்.

குதிரை என்றால் ஏறிப் போவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது குடிப்பதையும் தின்பதையும் போடுவதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. காலையில் எழுந்தால் வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்க வேண்டும். குனிந்து லத்தி அள்ளவேண்டும், லத்தி என்றால் குதிரைச் சாணம். அள்ளியதைத் தூக்கிக்கொண்டு போய்த் தென்னை மூட்டில் கொட்ட வேண்டும். பிறகு தேய்ப்பு, குளிப்பாட்டு, குளம்பு பார்ப்பு. அவருக்கு வேலை எல்லாம் தெரியும், ஆனால் மிஷினோடு தெரியும். வெறும் வாளியோடு தெரியாது. அதோடு குதிரையிடம் இந்தியும் அரபியும் கலந்துதான் பேசுவார். அதுவோ மதுரைப் பக்கம் பிறந்து வளர்ந்தது, முழித்துக்கொண்டு நிற்கும். நான் போய், "ஏட்டி, தள்ளி நில்லு" என்றால் தள்ளி நிற்கும்.

இரண்டாவது வாரமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "அங்கனன்னா இதுக்கெல்லாம் மிஷின் இருக்கு" என்றார். அந்த 'அங்கன' எனக்குப் பிடிக்கவில்லை. இன்றைக்கு மிஷினை நினைக்கிற மனுசன் நாளைக்கு விசாவை நினைப்பார். மிஷின்தானே வேண்டும், இரு, என்று நான் வீட்டுக்குள் போய்ச் சாமான்களை ஒரு பார்வை பார்த்தேன்.

முதலில் தண்ணீர். குளியலறையை அப்போதுதான் மாற்றிக் கட்டியிருந்தோம். கக்கூஸ் பிளஷ் தொட்டிக்கு வாங்கிய மிதவை ஒன்று அளவு சரியில்லாமல் பிரிக்காமலே கிடந்தது. நீல டிரம் ஒன்றைப் பாதியாக அறுத்து, அதில் மிதவையை மாட்டி, பழைய வாஷிங் மிஷின் டியூபால் மேல்தொட்டிக் குழாயோடு சேர்த்தேன். குதிரை குடிக்கக் குடிக்கத் தண்ணீர் தானாக நிரம்பியது. அவர் வந்து பார்த்துவிட்டுக் குதித்தார்.

"கக்கூஸ் சாமான்லயா என் குதிரை தண்ணி குடிக்கணும்?"

"பிரிக்காத புதுச் சாமான்தான. கக்கூஸ கண்ணால கூடப் பாத்ததில்ல அது."

"அங்கன குதிரைக்கு மினரல் வாட்டர் குடுப்போம்."

"அப்ப நாளைல இருந்து வாளில சுமந்து குடுங்க."

நாலு நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மாமியின் மகனைக் கூட்டிவந்து, "இதுக்குப் பேரு ஆட்டோமேட்டிக் டிரிங்கர்" என்று விளக்கிக்கொண்டிருந்தார். கக்கூஸ் என்ற பேச்சே அந்த விளக்கத்தில் வரவில்லை.

அடுத்தது லத்தி. குதிரை படுக்கச் செங்கோட்டைப் பக்கம் ஒரு நார் மில்லிலிருந்து தேங்காய் நார்த்தூள் வாங்கிப் பரப்பியிருந்தோம். மண்வெட்டியால் அள்ளினால் லத்தியோடு பாதித் தூளும் போய்விடும், கையால் பொறுக்கினால் இடுப்பு போய்விடும். துணி போடுகிற பிளாஸ்டிக் கூடையில் ஒரு பக்கத்தை வெட்டி, தரை துடைக்கிற மாப்புக் கம்பை அதில் கட்டினேன். அள்ளி ஒரு குலுக்குக் குலுக்கினால் தூள் ஓட்டை வழியாகக் கீழே விழும், லத்தி கூடையில் நிற்கும். குனியவே வேண்டாம். அழுக்குத் துணி அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நாற்காலியில் கிடந்தது. அதைப் பற்றி யாருக்குக் கவலை.

அள்ளியதைக் கொண்டுபோக வேண்டுமே. அவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெரிய சக்கரப் பெட்டி பரண்மேல் இருந்தது. வீட்டில் எத்தனையோ சாமான் இருந்தும் நான் அதைத்தான் எடுத்தேன். மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே உரச்சாக்கை விரித்து, லத்தி வண்டியாக்கினேன். தற்செயலாக எடுத்தேன் என்று நினைத்தால் உங்களைப் போல அப்பாவி கிடையாது. லத்தி சுமந்த பெட்டியில் யாரும் சட்டை மடித்து வைக்க மாட்டார்கள்.

"ஏட்டி, நல்ல பெட்டியாச்சே அது!" என்றார்.

"நீங்கதான் இனி போகமாட்டேன்னு சொன்னீக. சும்மாத்தான கெடக்கு."

அவர் தலையை ஆட்டிவிட்டுக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். விமான நிலையத்தில் இழுத்துக்கொண்டு போவது போலவே தென்னை மூட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா!

அதன் பிறகு என் கை நிற்கவில்லை. புளியங்குடியிலிருந்து எலுமிச்சங்காய் வருகிற வலைச் சாக்குகளைப் பழக்கடையில் கேட்டு வாங்கி, உள்ளே புல்லை அடைத்துக் கப்பியில் தொங்கவிட்டேன். குதிரை தரையில் இறைத்துப் பாழாக்காமல் நின்றபடிக்குத் தின்றது. குளிப்பாட்டியதும் உடம்புத் தண்ணீரை வழிக்க டைல்ஸ் துடைக்கிற வைப்பர். முதுகு தேய்க்கப் பீர்க்கங்கூடு. சோற்றுப் பானையை மூடுகிற வலைக் கூடையிலிருந்து வலையைப் பிரித்துக் கண்ணில் ஈ மொய்க்காமல் ஒரு முகமூடி. அதை மாட்டிக்கொண்டு குதிரை கல்யாணப் பெண் மாதிரித் தலையைக் குனிந்து நின்றது. காய்ந்த சேற்றைச் சுரண்ட ஒரு தோசைத் திருப்பி. அடுப்படித் திருப்பிக்கும் லாயத்துத் திருப்பிக்கும் வித்தியாசம் தெரிய லாயத்துத் திருப்பியில் சிவப்பு நூல் கட்டியிருந்தேன். மகள் லீவில் வந்தவள், நல்ல பிள்ளையாக அந்த நூலை அவிழ்த்துப் போட்டு, திருப்பியைப் பளபளவென்று தேய்த்து அடுப்படியில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் தோசை கேட்கவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெருமை குக்கர்தான். குதிரைக்குக் கொள்ளு வேகவைக்க விறகடுப்பு மூட்டி ஊதிக்கொண்டு கிடந்தார் மனுசன். கைப்பிடி உடைந்த பழைய குக்கர் ஒன்றைக் கொள்ளுக்கென்றே ஒதுக்கினேன். விசில் வந்ததும் இறக்கி ஆறவைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். பத்து நாளில் குதிரை படித்துவிட்டது. அடுப்படியில் முதல் விசில் கேட்டதும் காதை நிமிர்த்தும். இரண்டாவதுக்குக் காலைத் தட்டும். மூன்றாவதுக்குக் கொட்டகை வாசலில் வந்து கழுத்தை நீட்டி நிற்கும். "இந்த அறிவு அங்கன எந்தக் குதிரைக்கும் கிடையாது" என்றார் அவர். அபுதாபியை எங்கள் கொட்டகை ஜெயித்த நாள் அது.

சீசன் நன்றாகப் போனது. சாரல் நின்று, குற்றாலத்தில் கூட்டம் குறைந்து, கல்யாணங்கள் தொடங்கின. முதல் ஊர்வலம் எங்களுக்குத் தெரிந்த குடும்பத்தில்தான் கிடைத்தது. குதிரை வெடிக்கு மிரளுமோ, பேண்டுக்கு மிரளுமோ என்று ஒரு வாரம் முன்னாலிருந்தே கொட்டகையில் வெடி போட்டு, தகரத்தைத் தட்டிப் பழக்கினார். மாமி வந்து, "எங்க வீட்ல பச்சப்புள்ள இருக்குவே" என்று சண்டை போட்டுவிட்டுப் போனாள். குதிரை எதற்கும் அசையவில்லை. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

ஊர்வலத்தன்று நான் பெண்களோடு ஒரு வீட்டு மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குதிரைக்கு ஜரிகைத் துணி, நெற்றியில் சுட்டி. மேலே மாப்பிள்ளை, முகத்தை மறைத்துப் பூச்சரம். கடிவாளத்தைப் பிடித்து முன்னால் என் வீட்டுக்காரர், வெள்ளைச் சட்டையில், இடுப்பு நேராக. வெடி வெடித்தது, அசையவில்லை. பேண்டு முழங்கியது, அசையவில்லை. ஒரு திருப்பத்தில் பேண்டுக்காரர்கள் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். அந்த அமைதியில், பக்கத்துச் சந்திலிருந்து ஒரு குக்கர் விசில் அடித்தது.

குதிரையின் காது நிமிர்ந்தது. யா அல்லா, ஒரு விசிலோடு இறக்கிவிடட்டும் என்று வேண்டினேன். அங்கே என்ன வேகிறதோ, இரண்டாவதும் அடித்தது. குதிரை தலையைத் திருப்பியது. என் வீட்டுக்காரர் கடிவாளத்தை இழுத்து இந்தியில் ஏதோ சொன்னார், அரபியில் ஏதோ சொன்னார். மூன்றாவது விசிலுக்கு அவரையும் இழுத்துக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிட்டது. நான் மானம் மரியாதையை எல்லாம் விட்டு மாடியிலிருந்து கத்தினேன்: "ஏட்டி! நில்லுட்டி அங்கனயே!" தெருவில் போய்க்கொண்டிருந்த பெண்கள் நாலு பேர் திடுக்கிட்டு நின்றார்கள். குதிரை நிற்கவில்லை.

அது போய் நின்ற வாசல் எது என்றால், அந்த மாப்பிள்ளை வீட்டார் போன வருஷம் பெண் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொன்ன வீடு. பூச்சரத்துக்குள் ஒன்றும் தெரியாத மாப்பிள்ளை, குதிரை நின்றதும், "வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டு ஒரு காலைத் தூக்கி இறங்கப் பார்த்தார். அந்தப் பெண்ணின் தாய் கையில் அகப்பையோடு வாசலுக்கு வந்தாள். குதிரையைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், பின்னால் ஓடிவந்த ஊரைப் பார்த்தாள்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?" என்று கேட்டாள்.

தெருவே சிரித்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் மட்டும் சிரிக்கவில்லை. "என்னவே, குதிரையா வளத்திருக்கீரு? மானத்த வாங்கிப்புட்டீரேவே!" என்று என் வீட்டுக்காரரின் முகத்துக்கு நேரே கத்தினார். அவர் வேர்த்து வடிய, குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விசில் விஷயத்தைச் சொன்னேன். கோபத்தில் குக்கரைத் தூக்கி எறிவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு படுத்துவிட்டார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. பேசிவைத்திருந்த ஊர்வலங்கள் ஒவ்வொன்றாகப் போனில் கழன்றன. "குதிரை வேண்டாம் பாய், கார்லயே கூட்டிட்டுப் போயிருதோம்" என்றார்கள். ஒருவன், எங்கள் வீட்டில் பிரியாணி வேகிறது, குதிரையை அனுப்புகிறீர்களா என்று கேட்டான். அவன் குடும்பம் விளங்காது.

அந்த நாட்களில்தான் அபுதாபியிலிருந்து பழைய சூப்பர்வைசர் போன் பண்ணினார். என் வீட்டுக்காரர் கொட்டகைக்குப் பின்னால் நின்று நெடுநேரம் பேசினார். யார் என்று கேட்டேன். "சும்மா. பழைய ஆளு. குதிரையப் பத்தி விசாரிச்சாரு" என்றார்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பயம் வந்தால் நான் அழுகிற ஆள் இல்லை, வேலை செய்கிற ஆள். விசிலே வேண்டாம் என்று கொள்ளு வேகவைப்பதைத் திறந்த பானைக்கு மாற்றினேன். மிச்சம் மீதி இருந்த வேலையையும் குறைத்தேன். நாற்காலிக்கு அடியில் பழைய ஸ்டூல் சக்கரங்களைப் போட்டு, அவர் உட்கார்ந்தபடியே நகர்ந்து குளம்பு பார்க்கும்படி செய்தேன். குதிரையே வந்து முதுகை உரசிக்கொள்ளட்டும் என்று தெருப் பெருக்குகிற கட்டைத் துடைப்பங்களைத் தூணில் கட்டினேன். அது கண்ணை மூடிக்கொண்டு உரசும். முன்பு காலைத் தொழுகை முடிந்து தொடங்கினால் வெயில் ஏறுகிறவரை இழுத்த வேலை, இப்போது டீ ஆறுவதற்குள் முடிந்தது. மீதிப் பொழுதில் அவர் உட்கார்ந்து பேப்பர் பார்த்தார். எழுந்திருக்கும்போது முக்கவில்லை, முனகவில்லை. ஒருநாள் சுற்றிலும் பார்த்துவிட்டு, "வேலையே இல்லாம ஆக்கிட்டியேட்டி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு மத்தியானம் நெய்ச்சோறு ஆக்கினேன்.

அடுத்த வாரம் லாடம் வாங்கிவருகிறேன் என்று செங்கோட்டையில் ரயிலேறிக் கேரளாவுக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"லாடம் கெடைக்கலியா?"

"அளவு சரியில்ல" என்றார்.

சட்டையில் ஆஸ்பத்திரி வாசனை அடித்த மாதிரி இருந்தது. ரயிலில் எவனாவது பக்கத்தில் உட்கார்ந்திருப்பான் என்று துவைக்கப் போட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் கொட்டகைக்குப் போனேன். அவர் பனைமரம் மாதிரி வளர்ந்தவர், நான் அவருடைய தோளுக்குக்கூட வரமாட்டேன். கொட்டகையில் ஆணி, கொக்கி, கயிறு எல்லாம் அவருடைய கைக்குத் தோதாக மேலே இருக்கும். வைப்பரை எடுக்கக் கையை உயர்த்தினேன். அந்த இடத்தில் ஆணி இல்லை. வைப்பர் என் மார்புக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பீர்க்கங்கூடு, அதுவும் என் கைக்கு. கடிவாளம், வலைச் சாக்கின் கயிறு, லைட் சுவிட்ச், தண்ணீர்க் குழாயின் திருகு, எல்லாமே இறங்கியிருந்தன. கூடைக் கம்பை என் அளவுக்கு அறுத்து, முனையில் கை உறுத்தாமல் துணி சுற்றியிருந்தது. சுவரில் பழைய ஆணி ஓட்டைகளைச் சிமெண்டால் அடைத்திருந்தது, ஈரம்கூடக் காயவில்லை.

அந்த ஈரத்தைத் தொட்டுக்கொண்டே நின்றேன். பின்னால் அவர் வந்து நின்றது தெரிந்தது.

"எட்டுதா?" என்று கேட்டார்.

"எப்போ?" என்று கேட்டேன்.

அவர் குதிரையின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தார். "வார வெள்ளி கழிச்சு. பழைய எடந்தான். சூப்பர்வைசர் வேலை, தூக்குறது சுமக்குறது ஒண்ணும் இல்ல. புள்ள படிப்பு இருக்கு. இங்கன ஊர்வலமும் நின்னு போச்சு. குதிரைய விக்க எனக்கு மனசு இல்ல. நீதான் எல்லாத்தயும் லேசாக்கி வச்சிருக்கியே, நீ ஒருத்தியே பாத்துக்கிடலாம். சீசனுக்கு லீவு போட்டு வந்துருதேன்."

"நான் குதிரைக்காகவா இதெல்லாம் செஞ்சேன்?" என்று அவர் பக்கம் திரும்பினேன். "உங்க இடுப்புக்குல்லா செஞ்சேன். வலிக்குது வலிக்குதுன்னு சொல்லி நீங்க மறுபடியும் பொறப்பட்டுறக் கூடாதுன்னுல்லா செஞ்சேன். எனக்கு நீங்க இங்கன இருக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும்."

இதை நான் அதுவரை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. என்னைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, இரண்டடி தள்ளி நின்று, அந்த நார்த்தூளின் மேல் அப்படியே குனிந்து இரண்டு கால் விரலையும் தொட்டார். முனகாமல் நிமிர்ந்தார்.

"பாத்தியா? அன்னைக்கு லாடம்னு சொல்லிக் கேரளாவுக்குப் போனேம்லா, அங்க டாக்டரும் இப்படித்தான் குனியச் சொன்னான், நிமிரச் சொன்னான், மூட்டையத் தூக்கச் சொன்னான். ஒரு வலி இல்ல. விசா மெடிக்கல்ல பாஸ் போட்டுட்டான். எல்லாம் உன்னாலதான்ட்டி. நீ இல்லன்னா இந்த இடுப்பு இந்த ஜென்மத்துக்குத் தேறியிருக்காது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டிச் சொன்னது அதுதான் முதல் தடவை.